உடம்பு போடும் கணக்கு

(சங்கத்தின் குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நம் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டில் என்னைப் பேச அழைத்ததற்கு முதலில் நன்றி. இந்தச் சங்க மேடையில் நான் முதன்முதலில் ஏறியது ஏழு வயதில், பேச்சுப் போட்டிக்காக. பாதியில் மறந்துபோய் அழுதுவிட்டேன். ஆறுதல் பரிசாக ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார்கள். இன்றைக்கும் மறந்துபோனால் அதே பரிசைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அழைப்பிதழ் அச்சிடும் முன் செயலாளர் சாச்சா எனக்குத் தொலைபேசியில் பேசினார். "பேருக்குக் கீழே டாக்டர்னு போடவா, டீச்சர்னு போடவா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை சாச்சா, கணக்குப் போடுகிறவள் என்றேன். "அக்கவுண்டன்டா?" என்றார். இதற்கு மேல் விளக்கினால் அழைப்பிதழ் தாமதமாகும் என்று விட்டுவிட்டேன். அந்த விளக்கத்தை இப்போது சொல்கிறேன்.

நம் இரத்தத்தில் இருக்கும் ஒருவகை உயிரணு, அதாவது செல், "இது நம்முடையது, இது அந்நியம்" என்று எப்படி முடிவெடுக்கிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்ப்பது என் வேலை. செல்லை நான் தொடுவதே இல்லை. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் அளந்து தருகிறார்கள். நான் கணினியில் வரவு செலவு எழுதுகிறேன். ஆகவே சாச்சா சொன்ன அக்கவுண்டன்ட் ஒன்றும் பெரிய தப்பில்லை.

ஆனால் இந்தக் கணக்கை உங்கள் முன் சொல்ல வந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் அத்தா ஒருமுறை பதினோரு நாள் தன் மாத்திரைக்குத் தானே ஒரு கணக்குப் போட்டார். அந்தப் பதினோரு நாள்களைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு. சொல்வதற்கு அத்தாவிடமும் ராத்தாவிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். அத்தா சொன்னது: "சொல்லும்மா. இங்கே யாருக்குத் தெரியாது?"

அத்தா 31 ஆண்டுகள் மணி சேஞ்சர் கடையில் இருந்தவர். பள்ளி விடுமுறையில் நான் போய்க் கூண்டுக்குள் முக்காலி போட்டு உட்காருவேன். ரிங்கிட், ரூப்பியா, பாட், ரூபாய் எல்லாம் அவர் விரல் வழியே ஓடும். ஒருநாள் கேட்டேன், கள்ள நோட்டை எப்படி அத்தா கண்டுபிடிக்கிறீர்கள் என்று. "நல்ல நோட்டு என் கையில நிக்காதும்மா, தானா ஓடிடும். நிக்கிற நோட்டைத்தான் நான் பார்ப்பேன்" என்றார்.

கையில் நின்ற நோட்டை என்ன செய்வார் என்பதும் நினைவிருக்கிறது. முதலில் கட்டைவிரலால் தடவுவார். சந்தேகம் தீரவில்லையென்றால் ஓரத்தைப் பார்ப்பார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து நீரோட்டப் படம். பிறகு இழை. பிறகு சாய்த்துப் பார்த்து நிறம் மாறுகிறதா என்று. எந்தப் படியிலாவது "சரி" என்று தோன்றினால் நோட்டு பெட்டிக்குள் போய்விடும். எல்லாப் படியையும் தாண்டியும் நோட்டு கையிலேயே இருந்தால்தான் தலை நிமிர்ந்து வாடிக்கையாளரைப் பார்ப்பார். இன்னொரு வழக்கமும் உண்டு. நடுவில் யாராவது கூப்பிட்டு நோட்டைக் கீழே வைத்துவிட்டால், மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார். கட்டைவிரலிலிருந்து ஆரம்பிப்பார்.

இந்தக் கடைசி வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வேலையின் பெரும்பகுதி அதுதான்.

இப்போது அந்தச் செல்லுக்கு வருவோம். அதன் பெயர் டி செல். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறுக்கு மேல் வரிசையாக நிற்கக்கூடிய அளவு சிறியது. அதன் மேற்பரப்பில் சுமார் 30,000 கைகள் இருக்கின்றன. ஏற்பிகள் என்று சொல்வோம். நம் உடம்பின் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதங்களைச் சின்னத் துண்டுகளாக்கி, வாசலில் தூக்கிக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல் ஒவ்வொரு செல்லாகப் போய் அந்தத் துண்டுகளைக் கையில் பிடித்துப் பார்க்கிறது. ஒரு செல் காட்டுகிற ஒரு லட்சம் துண்டுகளில் கிருமியுடையது பத்துக்கும் குறைவாக இருக்கலாம். அந்தப் பத்தை அது கண்டுபிடித்தாக வேண்டும். மீதியைப் பார்த்து அலறவும் கூடாது. அலறினால் உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் வரும். சிறுபிள்ளைகளுக்கு வரும் முதல்வகை இனிப்புநீர் அப்படி வருவதுதான்.

இதில் என்ன சிக்கல் என்றால், நம் துண்டும் அந்நியத் துண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் கையில் நிற்கும் நேரத்தில்தான். நம்முடையது ஒட்டிய வேகத்தில் விலகிவிடும். அந்நியமானது சில வினாடிகள் கூடுதலாக நிற்கும். சில வினாடி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு லட்சத்தில் பத்தை எப்படித் தவறில்லாமல் பிடிப்பது?

இதற்கான விடை டி செல்லை ஆராய்ந்தவர்களிடமிருந்து முதலில் வரவில்லை. 1974இல் ஜான் ஹாப்ஃபீல்ட் என்ற இயற்பியலாளர், செல்லுக்குள் புரதம் தயாராகும்போது பிழை ஏன் அவ்வளவு குறைவாக இருக்கிறது என்று யோசித்து ஒரு கணக்கு எழுதினார். 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். அது வேறு வேலைக்காக. பிரான்சில் ழாக் நினியோ என்பவர் மறு ஆண்டே தனியாக அதே யோசனைக்கு வந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1995இல், திமோத்தி மெக்கீதன் என்ற அமெரிக்கர் அந்தக் கணக்கை எடுத்து டி செல்லுக்குப் பொருத்தினார். அவர் சொன்னது எங்கள் அத்தா செய்ததுதான். துண்டு கையில் இருக்கும்வரை ஏற்பி ஒவ்வொரு படியாக ஏறும். கடைசிப் படியில்தான் செய்தி உள்ளே போகும். நடுவில் துண்டு விலகிவிட்டால் ஏறிய படியெல்லாம் அழிந்து, மறுபடி கட்டைவிரலிலிருந்து.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு படி ஏறச் சராசரி ஒரு வினாடி என்று வையுங்கள். நம் துண்டு சராசரி ஒரு வினாடி நிற்கும். அப்படியானால் ஒவ்வொரு படியிலும் ஏறுவதற்கும் விழுவதற்கும் சம வாய்ப்பு: பாதிக்குப் பாதி. அந்நியத் துண்டு சராசரி 9 வினாடி நிற்கும். அதற்கு ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்பது வாய்ப்பு. ஒரே ஒரு படி மட்டும் இருந்தால் 90க்கு 50. இதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. பத்துப் படி வைத்தால் நம் துண்டு உச்சிக்குப் போவது 1,024இல் ஒரு முறை. அந்நியத் துண்டு போவது நூறில் 35 முறை. வித்தியாசம் 350 மடங்கைத் தாண்டிவிட்டது. நிற்கும் நேரத்தில் 9 மடங்கு வித்தியாசம், விடையில் 350 மடங்கு. படி கூடக்கூட அந்நியத் துண்டிலும் பல நழுவிப் போகும் என்பதையும் பார்த்தீர்கள், 35தானே வந்தது. எத்தனை படி வைப்பது என்பதில் உடம்புக்கும் பேரம் இருக்கிறது.

மெக்கீதன் இதை எழுதியபோது பெரும்பாலும் காகிதக் கணக்குதான். ஏற்பியோடு சேர்ந்த வால்களில் இருபது இடங்களில் பாஸ்பேட் என்ற முத்திரை விழுகிறது என்பது தெரியும். அவை படிகளாக இருக்கலாம் என்று கருத இடமிருந்தது. நேரம்தான் முடிவு செய்கிறதா என்று தனியாகச் சோதிக்க வழியில்லாமல் இருந்தது. 2019இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் ஓர் அருமையான வேலை செய்தார்கள். வெளிச்சம் பட்டால் பிடியைத் தளர்த்தும் புரதத்தை ஏற்பியில் இணைத்து, விளக்கின் அளவை மாற்றி, பிடித்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். துண்டு அதேதான்; நேரம் மட்டுமே மாறியது. நேரம் நீண்டபோது செல் விழித்தது, குறைந்தபோது தூங்கியது. கணக்குப் போடுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட நாள் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

சரி, இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அத்தாவுக்கு இனிப்புநீரால் இரண்டு சிறுநீரகமும் போனது. வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. ராத்தா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தது. அப்போது ராத்தாவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அத்தா வேண்டாம் என்று ஆறு மாதம் மறுத்தார், ராத்தா கேட்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே பேசினால் ராத்தா எழுந்து வெளியே போய்விடும். அதனால் பொருத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செல்கள் துண்டுகளைத் தூக்கிக் காட்டுகின்றன என்றேன் அல்லவா, அந்தத் தட்டுக்குப் பெயர் எச்எல்ஏ. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். பிள்ளைக்குத் தகப்பனிடமிருந்து ஒரு பாதி, தாயிடமிருந்து ஒரு பாதி. ஆகவே ராத்தாவின் சிறுநீரகத்தில் அத்தாவின் டி செல்களுக்கு அந்நியமாகத் தெரிவது எது? எங்கள் அம்மாவிடமிருந்து வந்த பாதி! மருத்துவமனையில் இதைச் சொன்னபோது அம்மா, "இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும் இவுகளுக்கு நான் இன்னும் அந்நியமா?" என்று கேட்டார்கள். மருத்துவரே சிரித்துவிட்டார்.

ஆனால் அந்தப் பாதி லேசுப்பட்டதல்ல. ஒரு சாதாரணக் கிருமியை அடையாளம் காணும் டி செல்கள் லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். வேறொருவரின் எச்எல்ஏவைப் பார்த்து விழிக்கக்கூடியவை நூறில் ஒன்றிலிருந்து பத்து வரை இருக்கலாம். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒட்டுமொத்தமாக ஒரே மாதிரியான இரட்டையருக்குள் நடந்ததற்குக் காரணம் இதுதான். இரட்டையர் இல்லாத நமக்கெல்லாம் மாத்திரை வேண்டும்.

அத்தாவின் மாத்திரை டாக்ரோலிமஸ். 1984இல் ஜப்பானில் சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. அந்த மலையின் பெயரிலிருந்துதான் மாத்திரைப் பெயரின் முதல் எழுத்தும் வந்தது. அது நோட்டுப் பார்க்கும் படிகளைத் தொடுவதில்லை. டி செல் பத்துப் படியும் ஏறி "அந்நியம்" என்று முடிவு செய்தபின், செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. அந்தக் கால்சியம் கால்சினியூரின் என்ற ஒன்றை எழுப்புகிறது. அது என்ஃபேட் என்ற தூதரைச் செல்லின் கருவுக்குள் அனுப்புகிறது. தூதர் உள்ளே போய்க் கதவைத் திறந்தால் செல் பெருகத் தொடங்கும். டாக்ரோலிமஸ் கால்சினியூரினைப் பிடித்து நிறுத்துகிறது. அத்தாவின் மொழியில் சொன்னால், கடைக்காரர் கள்ள நோட்டைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் போலீசுக்குப் போகும் தொலைபேசிக் கம்பியை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலை 8 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று. இரத்தத்தில் அளவு கூடினால் சிறுநீரகத்துக்கே கேடு. குறைந்தால் டி செல் விழித்துக்கொள்ளும். சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டார் கொடுத்த பம்பளிமாஸ் பழத்தைக்கூட அம்மா அத்தா கையில் எட்டாமல் வைத்தார்கள். அது மாத்திரையின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

மூன்று ஆண்டுகள் நன்றாகவே போனது. ஊரில் ஒரு கல்யாணம். பத்து நாள் என்று போன அத்தா, பெண் வீட்டு விருந்து, மாப்பிள்ளை வீட்டு விருந்து, பாட்டன் வீட்டு நிலப் பத்திரம் என்று மூன்று வாரம் தங்கிவிட்டார். மாத்திரை தீரப்போகிறது என்று தெரிந்ததும் எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவோம் என்று பயம். இருந்ததைப் பங்கு போட்டார். இரவு மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலையில் மட்டும் சாப்பிட்டார். பதினோரு நாள். "அறவே விடலையேம்மா, பாதி சாப்பிட்டேனே" என்றுதான் பிறகும் சொன்னார். கடைக்காரரின் நியாயம். பாதி சரக்குக்குப் பாதி லாபமாவது வரும் அல்லவா?

வராது. அதைத்தான் இங்கே காட்ட விரும்புகிறேன்.

டாக்ரோலிமஸ் உடம்பில் பாதியாகக் குறைய ஆளுக்கு ஆள் வேறு நேரம் எடுக்கும். கணக்குக்கு 12 மணி நேரம் என்று வைப்போம். இரண்டு வேளையும் சாப்பிடுகிறவர் அடுத்த மாத்திரைக்குச் சற்றுமுன் உடம்பில் ஒரு மாத்திரை அளவு மீதம் வைத்திருப்பார். சரிபார்க்கலாம்: ஒன்று மீதம், ஒன்று புதிது, மொத்தம் இரண்டு, 12 மணி நேரத்தில் பாதியாகி மறுபடி ஒன்று. இப்போது ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர். 24 மணி நேரத்தில் நாலில் ஒரு பங்காகக் குறையும். மீதம் மூன்றில் ஒன்று, புதிது ஒன்று, மொத்தம் ஒன்றேமுக்கால் அல்ல, ஒன்றும் மூன்றில் ஒன்றும். அதில் கால் பங்கு, மூன்றில் ஒன்று. கணக்கு நேராகிறது. ஆக, மாத்திரையைப் பாதியாக்கினால் மறுநாள் அதிகாலையில் இருக்கும் அடிமட்ட அளவு பாதியாகவில்லை, மூன்றில் ஒன்றாகிவிட்டது. மருத்துவமனையில் காலை மாத்திரைக்கு முன்பே இரத்தம் எடுக்க வரச் சொல்வது இந்த அடிமட்டத்தைப் பார்க்கத்தான்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். காவல் மூன்றில் ஒன்றானால் ஒவ்வொரு டி செல்லும் கொஞ்சம் கொஞ்சம் விழிக்குமா? 2007இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, செல்களைத் தனித்தனியாகப் பார்த்தது. என்ஃபேட் தூதர் ஒரு செல்லில் போனால் முழுதாகப் போகிறார். போகாவிட்டால் போகவே இல்லை. நடுவாந்தரம் இல்லை. தடையைக் குறைத்தால், எல்லாச் செல்லும் அரைத்தூக்கத்துக்கு வருவதில்லை. சில செல்கள் முழுதாக எழுந்துவிடுகின்றன, மற்றவை தூங்குகின்றன. விளக்கு சுவிட்ச் மாதிரி. எழுந்த செல் சும்மா இருப்பதில்லை. ஒரு நாள்போலத் தயாராகிவிட்டு, பிறகு நாளுக்கு இரண்டு மூன்று முறை பெருகும். இரண்டு முறை என்று வைத்தாலும் ஐந்து நாளில் ஒன்று 1,024 ஆகும். இந்த 1,024 முன்பு படிக்கணக்கில் வந்த அதே எண்தான். அங்கே நம்மைக் காப்பாற்றியது, இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

அத்தா திரும்பி வந்த வாரத்தில் கால் வீங்கியது. இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். டி செல்கள் உள்ளே புகுந்திருந்தன. மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், சிறுநீரகம் தப்பியது. ஆனால் பழைய அளவுக்கு அது திரும்பவில்லை. எழுந்த செல்களில் ஒரு பகுதி நினைவுச் செல்களாகத் தங்கிவிடும். அவற்றை மறுபடி தூங்க வைப்பது கடினம். அந்தப் பதினோரு நாள் இல்லாவிட்டால் இன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அத்தா என்னிடம் கேட்டிருக்கிறார். என் சமன்பாடுகள் செல்லைப் பற்றிச் சொல்லும். ஒரு தனி மனிதரின் இன்னொரு வாழ்க்கையைப் பற்றிச் சொல்லாது. தெரியவில்லை அத்தா என்றுதான் சொன்னேன். ராத்தா ஒருநாளும் அத்தாவைக் கடிந்துகொண்டதில்லை. அவர் ஊருக்குப் போனால் பையில் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வைத்து, பெட்டி மூடும் முன் எண்ணிப் பார்க்கும், அவ்வளவுதான்.

இந்தத் துறை எங்கே போகிறது என்று கேட்பீர்கள். மாத்திரையே இல்லாமல் வாழ வழி உண்டா என்பது பெரிய கேள்வி. 2008இல் பாஸ்டனில் பொருத்தமில்லாத சிறுநீரகம் பெற்ற ஐந்து பேருக்கு, கொடுத்தவரின் எலும்பு மச்சையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களில் நான்கு பேரால் மாத்திரையை நிறுத்த முடிந்தது என்று அறிவித்தார்கள். ஐந்து பேர்தான், ஐந்தாமவரை மறந்துவிடக் கூடாது. யாருக்கு நிறுத்தலாம், யாருக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு இன்னும் யார் கையிலும் இல்லை. நானும் என் கூட வேலை செய்பவர்களும் உட்கார்ந்திருப்பது அந்த மேசையில்தான். மெதுவாகத்தான் நகர்கிறது. கணக்கில் ஆர்வமுள்ள தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களும் வாருங்கள், எனக்கும் கிடைக்கவில்லை.

இந்த மண்டபத்திலேயே அத்தாவைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நான்கைந்து பேராவது இருப்பார்கள். ஊருக்குப் போகும் முன், நோன்பு தொடங்கும் முன், நேரத்தை மாற்ற நினைத்தால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை தீர்ந்துபோனால் வீட்டுக்குச் சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.

இப்போது மணி ஏழு ஐம்பது. எட்டு மணிக்கு முன் வரிசையில் ஒரு கைத்தொலைபேசி சத்தமாக ஒலிக்கும். அத்தா தண்ணீர் கேட்பார். அவருக்கு பிரியாணி ஒன்பது மணிக்குத்தான், யாரும் முன்கூட்டியே வற்புறுத்தாதீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. கேளுங்கள்.